பட்டறையில் வெங்காயம், தேக்காவில் நான்

முதல் நாள், சனி

கிளம்பிய அன்று பட்டறையில் 7 டன் சின்ன வெங்காயம் கிடந்தது. பெரம்பலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கல் அடுக்கி, அதன்மேல் மூங்கிலும் கம்பும் பரப்பி, காற்று புகுந்து வெளியேற வழி விட்டு, மேலே ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடிய நீளமான கூடுதான் பட்டறை. பிடுங்கிய காயை அதில் போட்டுவிட்டு விலைக்குக் காத்திருப்போம். வெயிலில் பிடுங்கிய காய் மூன்று மாதம் தாங்கும். மழையில் பிடுங்கியது எப்போது அழுகத் தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என்னுடையது பாதி அப்படி, பாதி இப்படி.

இந்த நிலையில் யாராவது ஊரை விட்டுக் கிளம்புவார்களா? சிங்கப்பூரில் இருக்கும் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டுமே. தேதி குறித்தபோது விலை கிலோ 50 ரூபாய்க்கு மேல் இருந்தது, நான் வருவதற்குள் எல்லாம் விற்றுவிடும் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

திருச்சியிலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம். பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிவிட்டார். காலுக்குக் கீழே சரக்கு அறையில் முருங்கையும் கறிவேப்பிலையும் பூவும் என்னோடு பறக்கின்றனவோ என்ற எண்ணம் வந்தது. திருச்சியிலிருந்து காய்கறி சிங்கப்பூருக்கு விமானத்தில் போவது புதிதல்ல. வெங்காயத்துக்கு அந்த யோகம் குறைவு. எடை அதிகம், விலை குறைவு, அதற்குக் கப்பல்தான்.

ஈசூனில் தங்கச்சி வீடு பன்னிரண்டாவது மாடி. கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, "வெங்காயம் கொண்டாரலையாண்ணே?" இந்த ஊர்ச் சட்டதிட்டம் தெரியாமல் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ராத்திரி ரசத்தில் மிதந்த வெங்காயம் எந்த நாட்டுக்காரன் என்று கேட்கவில்லை. அவன் நம் ஆள் இல்லை என்பது வாயில் வைத்ததுமே தெரிந்தது.

தூங்கப் போகும்முன் ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான். மண்டியில் இன்றைக்கு நல்ல காய் 34.

இரண்டாம் நாள், ஞாயிறு

தேக்கா, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உள்ள சந்தை. வெங்காய விவசாயி காசு கொடுத்து வெங்காயம் வாங்கிய நாள் என்று என் வாழ்க்கைக் குறிப்பில் எழுத வேண்டும்.

தேக்கா என்ற பெயர் சீன வட்டார மொழியிலிருந்து வந்ததாம், மூங்கிலடி என்று பொருள். சந்தையை ஒட்டிய பஃபலோ ரோட்டுக்கு எருமைச் சாலை என்று அர்த்தம். கொஞ்சம் தள்ளியுள்ள கெர்பாவ் ரோடும் மலாயில் அதே எருமைதான். ஒரு காலத்தில் மாட்டுக்காரர்கள் நிறைந்திருந்த இடம். இன்றைக்கு ஞாயிறு என்பதால் வேலையாட்கள் கூட்டம், நடக்க இடமில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று எல்லாப் பேச்சும் காதில் விழுகிறது.

மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தைக்குள் ஒரு கடையில் மூன்று தட்டில் மூன்று விதச் சிறு வெங்காயம். ஒன்று இந்தியா, ஒன்று தாய்லாந்து, ஒன்று இந்தோனீசியா. இந்தியக் காய் கிலோ 4 வெள்ளி 50 காசு. இங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், ஒரு வெள்ளி சுமார் 70 ரூபாய். மனக்கணக்கு போட்டேன், 315. ஊரில் 34.

எனக்கும் உடனே ரத்தம் சூடேறியது. பிறகு காயை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரே அளவு, தாளும் வேரும் சுத்தமாக அரிந்தது, ஈரமில்லை. இதில் 100 கிலோ சேர்க்க என் பட்டறையிலிருந்து எத்தனை கிலோ புரட்டிப் பொறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அரிகிற பெண்களுக்குக் கூலி, சாக்கு, தூத்துக்குடிக்கு லாரி, கப்பல், வழியில் குறையும் எடை, அழுகல், இங்கே கடை வாடகை. 34 எப்படி 315 ஆகிறது என்பது கூட்டிப் பார்த்தால் ஓரளவு புரிகிறது. இந்த வழியில் ஒருவர்கூட, "இன்றைக்கு எனக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாது" என்று சொல்லிக்கொண்டு வேலை செய்வதில்லை. அரிகிறவருக்குக் கூலி உண்டு, லாரிக்கு வாடகை உண்டு, கப்பலுக்குக் கட்டணம் உண்டு. மிச்சம் இருப்பதுதான் எனக்கு. மிச்சம் எவ்வளவு என்பது கடைசியில்தான் தெரியும்.

கடைக்காரர் கும்பகோணத்துக்காரர். நான் பெரம்பலூர் என்றதும், "செட்டிகுளமா?" என்றார். எங்கள் ஆலத்தூர் வட்டத்துச் செட்டிகுளத்தின் பெயர் தேக்கா வரை வந்திருக்கிறது. 2023 டிசம்பர் பற்றிப் பேச்சு வந்தது. டிசம்பர் 8 முதல் இந்தியாவிலிருந்து வெங்காய ஏற்றுமதிக்குத் தடை. "அந்த வாரம் விலை ஏறுச்சுண்ணே. அடுத்து பாகிஸ்தான் காய் வந்துச்சு, சீனாக் காய் வந்துச்சு. வாடிக்கையாளர் ரெண்டு வாரம் முணுமுணுத்தாங்க, அப்புறம் பழகிட்டாங்க." அவருக்கு அது இரண்டு வாரக் கதை.

என் கதையையும் சொன்னேன். அந்த மாதம் ஒரு வியாபாரி கிலோ 62 என்று பேசி அட்வான்சும் கொடுத்திருந்தார். தடை அறிவிப்பு வந்த மறுநாள் முதல் போனை எடுக்கவில்லை. அவரையும் ஒரேயடியாகத் திட்ட முடியாது, அவருக்கு மேலே இருந்தவர் அவர் போனை எடுக்கவில்லை. கடைசியில் 41க்குத் தள்ளிவிட்டேன். தடை 2024 மே 4 வரை நீடித்தது. நீங்கியபோதும் 40 சதவீத ஏற்றுமதி வரி, டன்னுக்குக் குறைந்தபட்ச விலை 550 டாலர் என்ற நிபந்தனைகளோடுதான் நீங்கியது. அந்த வரி 20 ஆகி, முழுதாகப் போனது 2025 ஏப்ரலில். நகரத்தில் வெங்காயம் 100 ரூபாய் தொட்டால் ஏழை வீட்டு அடுப்பு பாதிக்கும், அது எனக்கும் தெரியும், என் மகள் சென்னையில் வாங்கித்தான் தின்கிறாள். ஆனால் நான் நடும்போது ஒரு விதி, பிடுங்கும்போது இன்னொரு விதி என்றால் எதை நம்பி நடுவது? எங்கள் பயிர் 65 நாள் பயிர். 2019 செப்டம்பர், 2020 செப்டம்பர், 2023 டிசம்பர் என்று ஐந்து வருடத்துக்குள் மூன்று முறை கதவு சாத்தியிருக்கிறது. சின்ன வெங்காயத்தைப் பெரிய வெங்காயத்தோடு சேர்த்துப் பார்க்காதீர்கள் என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்பும்போது பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனைப் பார்த்தேன். துவாஸ் பக்கம் கட்டுமான வேலை. அவன் அப்பா எனக்குத் தெரிந்தவர், இரண்டு ஏக்கர் காரர். "இந்த வருசம் அப்பா என்ன போட்டுருக்காரு?" என்றேன். "மக்காச்சோளம் பெரியப்பா. வெங்காயம் வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன்" என்றான். 22 வயது. மாதச் சம்பளம் அனுப்புகிறவன் குரலில் ஒரு அதிகாரம் வந்துவிடுகிறது.

தம்பி: 33.

மூன்றாம் நாள், திங்கள்

காலையிலிருந்து மழை. ஜனவரி மழை இங்கே இப்படித்தான் என்கிறார்கள். வெளியே போகவில்லை. மழை என்றாலே வயிற்றைப் பிசைகிறது, இது என் பட்டறைமேல் பெய்யும் மழை இல்லை என்று மூளைக்குத் தெரிந்தாலும்.

தங்கச்சி வீட்டு அரிசிப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் 2023 ஜூலையை நினைவுபடுத்தினாள். பாஸ்மதி அல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்ட மாதம். ஆகஸ்ட் கடைசியில் சிங்கப்பூருக்கு விலக்கு அளிப்பதாக அறிவிப்பு வந்தது, 50,000 டன். அந்தச் சில வாரம் இங்கே என்ன ஆனது என்று கேட்டேன். "கொஞ்சம் பயந்தோம்ணே. ரெண்டு பை கூட வாங்கி வச்சேன். வேற ஒண்ணும் ஆகலை."

ஒன்றும் ஆகாததற்குக் காரணம் மாப்பிள்ளை சொன்னார். அரிசி இறக்குமதி செய்கிறவர்கள், மாதாமாதம் இறக்குவதைப் போல் இரண்டு மடங்கை எப்போதும் இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று இங்கே சட்டம். அரிசி அவர்களுடையது, கிடங்கு அரசு குறித்துக் கொடுத்தது. ஆக இந்த ஊரே ஒரு பட்டறை வைத்திருக்கிறது. அதில் அழுகல் கிடையாது, அவசர விற்பனை கிடையாது.

மத்தியானம் கோழிக்குழம்பு. அதற்கும் ஒரு கதை உண்டு. 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதுவரை மாதம் 36 லட்சம் கோழி வரை அங்கிருந்து ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது, அதில் பெரும்பகுதி சிங்கப்பூருக்குத்தான். உக்ரைன் போருக்குப் பின் தீவன விலை ஏறியது ஒரு பக்கம், உள்ளூரில் கோழி விலைக்கு அரசு உச்சவரம்பு ஒரு பக்கம் என்று பண்ணைக்காரர்கள் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தார்கள். அதோடு வெளிச்சந்தையும் போயிற்று. அந்த மாதக் கடைசிக்குள் சிங்கப்பூர் இந்தோனீசியாவிலிருந்து கோழி வாங்க அனுமதி கொடுத்துவிட்டது. அக்டோபரில் மலேசியா மறுபடி கதவைத் திறக்க ஆரம்பித்தபோது வாசலில் போட்டிக்கு இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார்.

தம்பி: 33. ஊரில் தூறலாம்.

நான்காம் நாள், செவ்வாய்

இந்தப் பயணத்தில் நான் உண்மையில் பார்க்க ஆசைப்பட்டது இன்றைய இடத்தைத்தான். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் சாப்பாட்டுக் கடைகளுக்குக் காய்கறி போடுகிறவர். ராத்திரி இரண்டரை மணிக்குப் புளோக்குக்குக் கீழே வந்து ஏற்றிக்கொண்டார். பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையம்.

எங்கள் ஊர் மண்டி கத்தும். ஏலம் கத்தும், சுமை தூக்குகிறவர் கத்துவார், லாரிக்காரன் ஹாரன் கத்தும். இங்கே சத்தம் போடுவது ஃபோர்க்லிஃப்ட் மட்டும். வரிசை வரிசையாகக் கடைகள், வெள்ளை விளக்கு, அட்டைப்பெட்டி மலைகள். சீனக் கோஸ், தாய்லாந்து மிளகாய், ஆஸ்திரேலிய கேரட். மலேசிய எண் போட்ட லாரிகள் பாலம் தாண்டி வந்து நின்றபடி இருந்தன. கேமரன் மலைக் கீரை வகைகள் அந்த லாரிகளில்தான் வரும். முந்தின நாள் பறித்தது.

ஒரு லாரியைச் சுற்றிக் கொஞ்சம் பதற்றம். பெட்டிகள் குறைவு. மலையில் தொடர் மழை என்றார்கள். சீனப் புத்தாண்டு நெருங்குவதால் கேட்பவர்கள் அதிகம். அரை மணி நேரத்தில் அந்தக் கீரைக்கு விலை ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். கடைக்காரர் பலகையில் எழுதியதைக்கூட அழிக்கவில்லை, வாயால் ஏற்றினார். சரி, விலை ஏறினால் மலை விவசாயிக்கு நல்லதுதானே என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். "பத்து பெட்டி பறிக்க வேண்டியவர் மூணு பெட்டிதான் பறிச்சிருப்பாரு. மிச்சம் அழுகிடுச்சு. எவனோட வயல் தப்பிச்சுதோ அவனுக்கு நல்லது." இதை நான் கேட்டிருக்கவே வேண்டாம். விலை ஏறும் நாளில் விற்கக் காய் இருக்காது, காய் இருக்கும் நாளில் விலை இருக்காது என்பது வீட்டில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கேமரன் மலை விவசாயிகள் பலர் குறுகிய கால அனுமதியில் அரசு நிலத்தைப் பயிர் செய்கிறவர்கள் என்பதையும் அவர் சொன்னார். அப்படியானால் வடிகால் வெட்ட, கூடாரம் போட எவன் துணிந்து செலவு செய்வான்?

நாலரை மணிக்கு ஒரு வெங்காய இறக்குமதிக்காரரிடம் கூட்டிப்போனார். எழுபதைத் தாண்டியவர், அப்பா காலத்திலேயே நாகப்பட்டினத்திலிருந்து வந்த குடும்பம். நான் விவசாயி என்றதும் நாற்காலி போட்டு, தே தாரிக் டீ வரவழைத்தார்.

"தம்பி, உங்க ஊர்ல மூட்டை கட்டும்போது கணக்கு முடிஞ்சுதுன்னு நினைக்கிறீங்க. முடியலை" என்று ஆரம்பித்தார். கன்டெய்னர் வந்து திறந்ததும் முதல் வேலை போட்டோ. நனைந்த மூட்டை, முளைவிட்ட காய், அழுகல், எல்லாம் படம் எடுத்து அனுப்புவார்கள். அத்தனை சதவீதம் கழிவு என்று பேசி, ஏற்றுமதிக்காரருக்குப் போக வேண்டிய பணத்தில் பிடிப்பார்கள். அவர் அதை மண்டியில் அடுத்த கொள்முதலில் பிடிப்பார். மண்டி எங்கே பிடிக்கும் என்று அவர் சொல்லவில்லை, எனக்குச் சொல்லத் தேவையும் இல்லை. "மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவு" என்று எங்கள் மண்டியில் எந்தக் காரணமும் சொல்லாமல் எழுதுவார்களே, அதன் வேர் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது. கழிவை ஏற்பது பிரச்சினை இல்லை. என் காய் அழுகியதா, கொழும்பில் கப்பல் மாறும்போது வெயிலில் கிடந்ததில் அழுகியதா என்று எனக்குக் காட்ட யாருமில்லை. படம் அவர் போனில் இருக்கிறது, பிடித்தம் என் சீட்டில் இருக்கிறது.

2021ல் காலி கன்டெய்னர் கிடைக்காமல் உலகமே தவித்ததையும், கப்பல் கட்டணம் தாறுமாறாக ஏறியதையும் சொன்னார். அப்புறம் ரோஸ் வெங்காயம். சிக்கபள்ளாப்பூர், கோலார்ப் பக்கம் விளையும் பெங்களூர் ரோஸும், கடப்பாப் பக்கத்துக் கிருஷ்ணாபுரமும் முக்கியமாக சிங்கப்பூர், மலேசியா போன்ற ஊர்களுக்காகவே பயிராகிறவை. சின்னது, காரம் அதிகம், உள்ளூரில் அவ்வளவாக வாங்க மாட்டார்கள். 2020 செப்டம்பர்த் தடையில் அவையும் மாட்டின. சென்னைத் துறைமுகம் வழியாக ஒவ்வொன்றும் 10,000 டன் மட்டும் அனுப்பலாம் என்று அக்டோபரில் விலக்கு வந்தது. "அந்த இடைப்பட்ட நாள்ல பிடுங்குனவன் என்ன பண்ணியிருப்பான்?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் டீயைக் குடித்தேன்.

கிளம்பும்போது கேட்டேவிட்டேன். தடை நீங்கிய பிறகு பழைய ஆட்களிடம் திரும்ப வாங்கினீர்களா? கொஞ்சம் யோசித்தார். "சிலர்கிட்ட. ஒரு தடவை மாட்டிக்கிட்டவன் எல்லா முட்டையையும் ஒரே கடையில வாங்க மாட்டான் தம்பி. எனக்கு வெங்காயம் வேணும். உங்க வெங்காயம்தான் வேணும்னு இல்லை. என்மேல கோவிச்சுக்காதீங்க." கோபம் வரவில்லை. நேராகப் பேசிய மனிதர். சிங்கப்பூர் 180க்கும் மேற்பட்ட நாடுகள், வட்டாரங்களிலிருந்து உணவு வாங்குகிறது. 90 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிற ஊருக்கு அது பிழைக்கும் வழி. நூற்றெண்பதில் ஒருவனாக இருப்பது எப்படி இருக்கும் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு மண்டிக்காரர். அவரிடம்தான் கடன், அவரிடம்தான் விதைக்காய்க்குப் பணம். மாற்றிப் போக வழியில்லை.

தம்பி: 30. "என்னண்ணே செய்யலாம்?" என்றான். இரு என்றேன். எதை வைத்து இரு என்றேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஐந்தாம் நாள், புதன்

காதுகுத்து. மருமகள் என் மடியில் உட்கார்ந்து ஒரு அலறல் அலறினாள், ஐந்து நிமிடத்தில் பாயசம் கேட்டாள். மதியம் வாழையிலைச் சாப்பாடு. இலை மலேசியாவாம்.

ஆறாம் நாள், வியாழன்

கிராஞ்சி, லிம் சூ காங். சிங்கப்பூரில் விவசாயமா என்று ஊரில் கேட்பார்கள். இருக்கிறது, நாட்டின் நிலத்தில் சுமார் ஒரு சதவீதத்தில். 2030க்குள் உணவுத் தேவையில் 30 சதவீதத்தை இங்கேயே விளைவிப்பது என்று 2019ல் இலக்கு வைத்தார்கள். முட்டை சரியாக வந்தது, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உள்ளூர் முட்டைதான். காய்கறி ஏறவே இல்லை, 3 சதவீத அளவிலேயே நிற்கிறது. 2025 நவம்பரில் அந்த இலக்கை விட்டுவிட்டு, 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20, புரதத்தில் 30 சதவீதம் என்று மாற்றிக்கொண்டார்கள்.

நாங்கள் போன பண்ணையில் கீரை அலமாரி அலமாரியாக வளர்கிறது. ஊதா விளக்கு, குழாயில் சத்துநீர், கூரைக்கு மேலே மழை கொட்டினாலும் உள்ளே ஒரு இலை அசையவில்லை. பொறாமையாக இருந்தது. மேலாளர் சீனர், என் வயது. மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். உங்களுக்கு மழைக் கவலை இல்லை, பூச்சிக் கவலை இல்லை, அப்புறம் என்ன குறை என்று கேட்டேன். மின்கட்டணம் என்றார். 2022ல் எரிபொருள் விலை ஏறியபோது கணக்கே புரண்டுவிட்டதாம். அடுத்தது, வாங்குகிறவர்கள். மலேசியக் கீரையும் சீனக் கீரையும் பக்கத்திலேயே குறைந்த விலைக்குக் கிடக்கும்போது பேரங்காடி இவரிடம் எவ்வளவு வாங்கும், அடுத்த வாரமும் வாங்குமா என்பது அவருக்குத் தெரியாது. கீரையோ காத்திருக்காது. இந்தச் சில ஆண்டுகளில் இப்படிப்பட்ட நவீனப் பண்ணைகள் பல மூடிவிட்டன. நிலமும் குத்தகைதான். 2014ல், லிம் சூ காங்கில் 60க்கும் மேற்பட்ட பண்ணைகளின் இடம் ராணுவப் பயிற்சிக்கு வேண்டும் என்று அறிவித்தார்கள்.

எனக்கு மேகத்தைப் பார்த்துப் பயம், அவருக்கு மீட்டரைப் பார்த்துப் பயம். மாப்பிள்ளை இதை மொழிபெயர்த்ததும் மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். கிளம்பும்போது ஒரு கட்டு கீரை கொடுத்தார், காசு வாங்கவில்லை. உலகத்தில் எந்த விவசாயியும் வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டான் போல.

தம்பி: 28. பட்டறையின் வடக்கு ஓரத்தில் வாடை அடிக்கிறதாம். எங்கள் ஊரில் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை இது. போன வருடம் விலை ஏறியது, எல்லோரும் நட்டோம். விதைக்காய் ஏக்கருக்கு 600 கிலோ வேண்டும், 70 ரூபாய் கொடுத்து வாங்கினேன். விதைக்கு மட்டும் ஏக்கருக்கு 42,000. எல்லோர் பட்டறையும் ஒரே நேரத்தில் நிறைந்தது. பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அது வட்டாரத்தில் விளைச்சல் குறைந்தால் பார்க்கும். விளைந்து விலை போகாவிட்டால் அதற்குச் சம்பந்தமில்லை.

ஏழாம் நாள், வெள்ளி

தங்கச்சி ஆர்ச்சர்ட் ரோட்டுக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்து வாய் பிளந்தது போதும், பெயரைப் பாருங்கள். ஆர்ச்சர்ட் என்றால் தோட்டம். இங்கே ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டங்கள். 1850களில் நோய் விழுந்து மரங்கள் பட்டுப்போக, முதல் போட்டவர்கள் பலர் நொடித்துப்போனார்கள்.

தாவரவியல் பூங்காவில் ரப்பர் மரத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். 1877ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த 22 கன்றுகளில் தொடங்கியது மலாயா ரப்பர். 1910ல் விலை உச்சத்துக்குப் போனது, 1930களின் மந்தத்தில் அடிமட்டத்துக்கு வந்தது. அப்போது தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அதில் ஒருவர் என் தாத்தாவின் அண்ணன். ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினாராம். ஏன் திரும்பி வந்தார் என்று வீட்டில் கேட்டால், "அங்க வேலை இல்லைன்னுட்டாங்க" என்பதுதான் பதில். ரப்பர் விலை அமெரிக்கக் கார் ஆலையில் விழுந்தது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

தம்பி போன் செய்யவில்லை. நான்தான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

எட்டாம் நாள், சனி

இதை ஊரிலிருந்து எழுதுகிறேன். திருச்சியில் இறங்கி நேராகப் பட்டறைக்கு. தம்பி நேற்று போனை எடுக்காததற்குக் காரணம், வடக்கு ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். பத்துப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கையை விட்டுப் பார்த்தேன். மேலே சலசலவென்று நல்ல காய், ஒரு முழம் உள்ளே போனதும் சூடு. சூடு என்றால் முடிந்தது. ஒரு டன் போகும் என்று என் கணக்கு, ஒன்றரை என்று தம்பி கணக்கு.

வந்த களைப்பில் வரப்பில் உட்கார்ந்து, தேக்காவில் வாங்கிய 4 வெள்ளி 50 காசு வெங்காயத்தின் படத்தை எல்லோருக்கும் காட்டினேன். பொறுக்கிக்கொண்டிருந்த அத்தை ஒருவர் போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது நாம அரிஞ்சதுதான்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "வேரை இப்புடி ஒட்ட அரியிறது நம்மூர்லதான்."

சாயங்காலம் மண்டிக்காரரைக் கூப்பிட்டேன். நாளைக்கு வண்டி அனுப்பலாமா என்றேன். தாராளமாக அனுப்புங்க என்றார். விலை என்ன போகும் என்றேன்.

"காய் வந்து இறங்கட்டும், பாத்துக்கலாம்."

சாக்கு எடுத்துவரத் தம்பியை அனுப்பியிருக்கிறேன்.